அம்மா, உள்வீதிக்கு வாருங்கள்



சென்ற ஆண்டு மகோற்சவத்தின்போது அன்னதான மடத்து வாசலிலே, இடுப்பில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, வருவோர் போவோரையெல்லாம் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டபடி நின்ற பெரியவர் இந்த ஆண்டு இல்லை. மடத்தைக் கட்டியவர் அவர். தெற்கு வீதிக் கிணறும் வாகனசாலைக் கூரையும் அவர் தந்தவையே. பேர் எழுதுவிக்க அவர் ஒருபோதும் சம்மதிக்காதபடியால் நானும் இங்கே எழுதாது விடுகிறேன். ஊருக்குத் தெரியும்.

அவர் சிவபதமடைந்த வீட்டிலே எட்டு நாளும் சனம் குறையவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அவருடைய மனைவியாருக்கு ஏதோ ஓர் ஆறுதல் சொன்னார்கள். "அவர் செய்த தர்மம் உங்களைக் காக்கும்", "புண்ணியவான், பாயிலே கிடக்காமல் போயிட்டார்", "எல்லாம் விதி". அடியேனும் ஆன்மா அழிவில்லாதது, பதியைப் போலவே பசுவும் அநாதி, உடம்புதான் வீழ்ந்தது என்று சித்தாந்தம் பேசினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு, "அதெல்லாம் சரி தம்பி, விடியப்புறம் தேத்தண்ணி ரெண்டு கோப்பை ஊத்திப்போட்டு நிக்கிறன்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். சாத்திரம் பொய்யல்ல, ஆனால் அதைச் சொல்ல ஒரு காலம் உண்டு. மரண வீட்டிலே முதற்கிழமையில் பக்கத்தில் இருப்பதுதான் பேச்சிலும் பெரியது. ஒரு சருவம் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவர்கள் என்னைவிட நன்றாக ஆறுதல் சொன்னார்கள்.

அந்தியேட்டியன்று கல்வெட்டு வாசிக்கப்பட்டது. கிணறு, மடம், கூரை, படிக்கக் காசு கொடுத்த பிள்ளைகள் என எல்லாம் அதில் இருந்தன. அம்மையாரைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் இன்னாரின் மகள் என்று. மடத்திலே முப்பது வருடமாக அரிசி களைந்தது யார்? கஞ்சிக்கு உப்புப் பார்த்தது யார்? கிணறு வெட்டக் காசு போதாமல் நின்றபோது கையிலிருந்த காப்பைக் கழற்றிக் கொடுத்தது யார்? கொடுத்த கையை ஊர் கண்டது. அந்தக் கைக்குப் பின்னால் நின்ற கையைக் காணவில்லை.

இதை எழுதவேண்டி வந்த காரணம் வேறு. ஆசௌசம் கழிந்தபின்னரும் அவர் கோயிலுக்குள்ளே வருவதில்லை. வெளிவீதியில், வேப்பமரத்தடியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். ஏன் அம்மா என்று கேட்டேன். "சாமி வெளியிலை வரேக்கை நான் முன்னாலை நிக்கக்கூடாது எண்டு சொல்லுகினம். ஒருத்தருக்கும் இடைஞ்சலாய் இருக்க விருப்பமில்லைத் தம்பி" என்றார்.

சொன்னவர்கள் யாரென்று நான் கேட்கவில்லை. ஆனால் அவர்களுக்குப் பெரியபுராணத்தை நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்திலே மாண்டார். தாய் தந்தையரும் முன்பே இல்லை. உயிர்விடத் துணிந்தவரைத் தம்பி மருணீக்கியார் அழுது தடுத்தார். அந்தத் தம்பிக்காகவே அம்மையார் உயிர் தாங்கினார். தம்பியாரும் நிலையாமையை உணர்ந்து தம் செல்வத்தை அறச்சாலைக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் கொடுத்தார் என்று சேக்கிழார் பெருமான் பாடுகிறார். ஆனால் அத்தனை தருமம் செய்தவரும் பின்னர் சமணம் புகுந்து, சூலை நோயால் வருந்தி, தமக்கையாரிடமே திரும்பி வந்தார். திருவதிகைத் திருக்கோயிலிலே அலகிட்டு மெழுகித் தொண்டு செய்திருந்த அந்தத் தமக்கையார்தாம் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்து அவரை உள்ளே அழைத்துச் சென்றார். அந்தக் கையை அமங்கலம் என்று அன்று யாராவது தள்ளி வைத்திருந்தால் நமக்கு அப்பர் பெருமான் ஏது? நான்காம் ஐந்தாம் ஆறாம் திருமுறைகள் ஏது?

இன்னொன்று. நமது ஆலயத்தில் பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓதும்போது திருவிசைப்பாவும் ஓதுகிறோம். அதைப் பாடியவர்களுள் ஒருவர் கண்டராதித்த சோழர். தில்லைக் கூத்தனைப் பாடிய அரசர். கி.பி. 957 அளவில் அவர் மறைந்தபோது தேவியார் செம்பியன் மாதேவியார் சிறு மகனோடு தனித்து நின்றார். அதன் பின்னர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் செய்தது சிவத்தொண்டு. செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கினார். திருநல்லத்திலே தம் கணவர் பெயரால் கோயில் எடுத்து, அவர் சிவலிங்கத்தை வணங்கும் காட்சியைக் கல்லிலே செதுக்குவித்தார். திருக்கோடிகாவில் பழைய கோயிலைப் புதுக்கியபோது, அங்கே முன்னோர் கொடுத்த கொடைகளின் கல்வெட்டுக்களை மறுபடியும் புதுச் சுவரிலே வெட்டுவித்தார். யாரோ எப்போதோ கொடுத்த தருமம் அழியக்கூடாது என்று கவலைப்பட்டவர் அந்த அம்மையார். மகன் உத்தம சோழன் ஆண்டு, பின் இராசராசன் ஆண்ட காலத்திலும் அவர் பணி நடந்தது. அவரை வெளிவீதியில் நில் என்று சொல்ல யாருக்கு வாய் வந்திருக்கும்?

நமது மண்ணிலும் 1930 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மறைந்தபின், அவர் 1913 இல் மருதனார்மடத்தில் நிறுவிய பெண்கள் கல்லூரியைப் பேணியவர் அவருடைய துணைவியார் லீலாவதி அம்மையார் அல்லவா?

ஆகவே பரிபாலன சபையாருக்கும் குருக்கள் ஐயாவுக்கும் ஒரு விண்ணப்பம். பெரியவரின் உபயத் திருவிழாவை இந்த ஆண்டு நிறுத்துவதா, வெளிநாட்டிலுள்ள மகனின் பேரில் நடத்துவதா என்று பேச்சு அடிபடுகிறது. மகன் பேரும் இருக்கட்டும். ஆனால் சங்கற்பத்திலே அம்மையாரின் பெயரும் நட்சத்திரமும் சொல்லப்படவேண்டும். காளாஞ்சி அவர் கையிலே கொடுக்கப்படவேண்டும். வசந்த மண்டபப் பூசையின்போது முன்வரிசையில் நிற்கும் தாய்மார் சற்று விலகி அவருக்கு இடம் விட்டால் போதும். வேறு ஆறுதல் வார்த்தை ஒன்றும் வேண்டாம்.

அம்மா, இந்த மலர் உங்கள் கைக்கு வரும். வேப்பமரத்தடி வெயில். உள்ளே வாருங்கள். அன்னதானத்துக்கு அரிசி வந்து இறங்கிவிட்டது. மடத்துத் திறப்பு இன்னும் உங்களிடந்தான் இருக்கிறது.