ஊர்ப் பசுமையும் ஊரார் சொல்லும்

கட்டடமெழுப்பாது பசுமையாக விடப்பட்ட ஒரு நிலத்தை வீடு, விடுதி, தொழிற்சாலை, விமானநிலையம் முதலியவற்றின் பொருட்டு எடுக்க எண்ணுங்கால், அதன் அயலில் வாழ்வோர் ‘வேண்டா’ என்பாராயின், அச்சொல்லுக்கு எத்துணை மதிப்பளித்தல் அறமாகும்? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இஃது ஆள்வோர்க்கும் பொறியியலார்க்கும் உரிய வினாவன்றோ, பள்ளியாசிரியர்க்கு இதனால் ஆவதென்னை எனின், கூறுதும். நம் ஊர்களிலே கூட்டத்தில் எழுந்து பேசுவாரும், விண்ணப்பம் எழுதித் தருமாறு ஊரார் நாடிச் செல்லப்படுவாரும் பெரும்பாலும் ஆசிரியரே. தாம் எழுதும் விண்ணப்பம் அறத்தின்பாற் பட்டதோ தன்னலத்தின்பாற் பட்டதோ என்பதனை எழுதுகோல் எடுக்குமுன் அவரே தெளிதல் வேண்டும்.

குருக்கள்மடம் மட்டக்களப்பின் எழுவான்கரையிலே, கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நெருக்க, இடையில் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலத்தில் அமைந்த ஊர். ‘பாதை’ எனப்படும் மிதவையேறி வாவியைக் கடந்தால் அம்பிளாந்துறை. அப்பாற் பரந்து கிடப்பது படுவான்கரை. இம்மணல்நிலத்துக் கிணறுகள் நன்னீர் தருவது எதனாலெனின், பெய்த மழை மணலினுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து தங்குவதனாலாம். நிலம் மூடப்பட்டு மழைநீர் உட்புகாதொழிய, நீரிறைப்பும் மிகுமாயின், உவர் மேலேறும். ஏறிய உவர் எளிதில் இறங்காது. களுதாவளை வெற்றிலைக்கொடியும் வீட்டுமுற்றத்துத் தென்னையும் இந்நன்னீரைக் கொண்டே வாழ்வன. வாவிக்கரையிற் கண்டல் நிற்கும் சேற்றுநிலமோ இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டில். வரைபடத்தை மேசைமேல் விரித்து நோக்குவார்க்கு இவையெல்லாம் வெற்றிடமாகவே தோன்றும். அங்கு வாழ்வார்க்கோ அவை வேலைசெய்யும் நிலங்கள்.

தில்லை என்னும் மரத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். உவர்ச்சேற்றில் வளர்வது, இதன் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். வீட்டுக்கும் உதவாத நச்சுமரம் என்று வெட்டியெறிதற்கு ஏற்றதாகவே புறத்தார்க்குத் தோன்றும். ஆயினும் சிதம்பரத்துக்குத் தில்லைவனம் என்னும் பெயர் தந்தது இம்மரமே. இன்று அந்நகரினுள்ளே அவ்வனம் இல்லை; அண்மையிலுள்ள பிச்சாவரத்துச் சதுப்பிலேதான் அம்மரத்தைக் காணவேண்டும். காடு அழிந்த பின்னும் பெயர் நிலைத்தது. பெயர் நிலைத்தமையாற் காடு மீளவில்லை.

இனி, இவ்விடயத்தில் இருசாரார் கொள்கைகளையும் நோக்குவாம்.

ஒருசாரார், ‘ஊரார் சொல்லே முடிந்த முடிபு, அவர் வேண்டாவெனின் எதுவும் ஆகாது’ என்பர். இது முற்றும் பொருந்துவதாயின், உலகில் எங்கும் எளியார்க்கு வீடு கட்ட இடமிராது. இங்கிலாந்தின் வரலாறே இதற்குச் சான்று. இலண்டன் மாநகர் எல்லையின்றிப் பரவுதலைத் தடுக்க 1938 ஆம் ஆண்டில் பசுமை வலயச் சட்டம் இயற்றப்பட்டது. 1947 ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புற அமைப்புச் சட்டமும் 1955 ஆம் ஆண்டின் அரசாங்கச் சுற்றறிக்கையும் அதனை ஏனை நகரங்கட்கும் விரித்தன. இன்று இங்கிலாந்தின் நிலத்தில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு பசுமை வலயமாகும். அதனால் வயலும் தோப்பும் காக்கப்பட்டமை உண்மை. ஆயினும், வலயத்தின் ஓரத்தே நல்ல வீட்டில் வாழும் ஒருவர், வீடற்ற இளங்குடும்பத்தார்க்கு ஒரு தெரு அமைக்கும்போதும் ‘பசுமை அழியும்’ என்று மறுப்பாராயின், அவர் காப்பது பசுமையையோ, தம் சாளரத்துக் காட்சியையும் வீட்டின் விலையையுமோ என்னும் ஐயம் எழாமற் போகாது. அவர் வாழும் வீடும் ஒருகால் வயலாயிருந்ததே அன்றோ?

மற்றொருசாரார், ‘பொதுநலமே பெரிது, ஊரார் மறுப்பெல்லாம் தன்னலமே, ஆகலின் கேளாது செய்க’ என்பர். இதுவும் பொருந்தாது. தமிழ்நாட்டிலே காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் சென்னையின் இரண்டாம் விமானநிலையம் அமையும் என 2022 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 13 ஊர்களில் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் குறிக்கப்பட, அதனுள் விளைவயலும் ஏரியும் குடியிருப்பும் அடங்கின. ஏகனாபுரத்து மக்கள் நாடோறும் கூடி மறுத்தனர். கிராமசபையிற் பலமுறை தீர்மானம் நிறைவேற்றினர். 2024 ஆம் ஆண்டின் மக்களவைத் தேர்தலையும் புறக்கணித்தனர். எனினும் 2025 ஆம் ஆண்டில் மைய அரசு கொள்கையளவில் இசைவளித்தது. இங்கே ஊரார் பிறர்க்கு ஒன்றை மறுத்துத் தாம் நுகர்ந்திருக்க விரும்பினாரல்லர். வீட்டையும் வயலையும் இழப்பார் அவரே. பறந்து செல்வார் பெரும்பாலும் பிறர். இழப்பு ஓரிடத்தும் பயன் வேறோரிடத்தும் நிற்குங்கால், இழப்பாரைத் தன்னலத்தார் என்றல் பழியின்மேற் பழி சுமத்துவதாகும்.

இவ்விரு நிகழ்ச்சியிலும் பசுமையைக் காப்போர் ஊரார்; எடுக்க எண்ணுவோர் புறத்தார். நம் கிழக்குக்கரையிலோ முறை மாறிற்று. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். அதன்பின் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் அளவுக்குக் கரையை வெறுமையாக விடல்வேண்டும் என்று அரசு விதித்தது. பல இடங்களிற் காப்பாகச் சவுக்கும் நடப்பட்டது. நோக்கம் உயிர்காத்தலே, அதனை யாம் குறை கூறோம். ஆயினும், கரைவலை இழுப்பார்க்கும் தோணி ஏற்றுவார்க்கும் கடலைவிட்டு அகன்ற குடியிருப்பில் தொழில் எங்ஙனம் நடைபெறும் என்பது விதி வகுக்குமுன் கேட்கப்படவில்லை. ‘குடிசைக்கு ஒரு நீதி, விடுதிக்கு ஒரு நீதியோ?’ என்று கரையூர் மக்கள் வினவினர். இரண்டாண்டு முற்றுமுன்னரே அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் பாசிக்குடாவில் விடுதிகள் நிரையாக எழுந்தன. தோணி நிறுத்தும் கரை குறுகியது என்பது அங்குள்ள மீனவர் முறையீடு.

இவற்றால் அறியப்படுவது யாது? பசுமை என்னும் பெயர் ஒன்றே ஒரு விதியை அறமாக்கிவிடாது; ஆக்கம் என்னும் பெயரும் அவ்வாறே. ஊரார் ‘வேண்டும்’ என்றமையாலோ ‘வேண்டா’ என்றமையாலோ மட்டும் ஒன்று நன்றாதலும் தீதாதலும் இல்லை.

ஆயின் ஊரார் சொல்லுக்குரிய இடம் எது? எம் துணிபு இது: ஊரார் அந்நிலத்துக்கு உடையாரல்லர்; சான்றாவார். எக்கிணறு எம்மாதத்தில் உவர்க்கும், எவ்வழியால் வெள்ளம் வடியும், எக்கண்டலின் அடியில் இறால் பெருகும் என்பன அவர்க்கே நேரிற் புலனானவை. சான்றைக் கேளாது தீர்ப்புரைத்தல் எந்த மன்றத்தும் முறையன்று. சான்று கூறியதற்கு மாறாகத் தீர்ப்பு அமைதலும் கூடும்; அப்போது காரணங் காட்டுதல் தீர்ப்புரைப்பார் கடன். ஆதலின், முன்னரே கேட்டலும், கேட்டதற்கு விடையளித்தலும் ஆகிய இரண்டும் ஊரார்க்கு உரிமையாம். முடிவைத் தாமே விதிக்கும் உரிமை அவர்க்கு இல்லை.

இனி, ஊரார் என்போர் யாவர் என்பதும் ஆராயற்பாலது. பரந்தூர் உள்ள அதே மாவட்டத்து உத்தரமேரூரிலே, முதற் பராந்தகன் காலத்து 921 ஆம் ஆண்டுச் சாசனம் குடவோலையால் ஏரிவாரியம், தோட்டவாரியம் முதலியன தெரிந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றது. ஏரியும் தோட்டமும் ஊரவையின் பொறுப்பாயிருந்தமை போற்றத்தக்கதே. ஆயின் அவ்வாரியத்துக்கு உரியார், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையராய், மறைநூல் கற்ற, 35 அகவைக்கு மேல் 70 அகவைக்குட்பட்ட ஆடவரே. ஏரிநீரை நாள்தோறும் முகந்த பெண்டிரும், நிலமின்றி உழைத்தாரும் அதனுட் புகவில்லை. இன்றும் ‘ஊரார் ஒருமித்துக் கூறினர்’ என்னும்போது, காணியுடையார் சிலரே கூடியிருத்தல் உண்டு. வாவியில் வலைவீசுவோன், மாடு மேய்ப்போன், நண்டு பிடிக்கும் கைம்பெண், வாடகைக் குடியிருப்போர், வாவிக்கு அப்பாலுள்ளார் ஆகியோர் சொல்லும் கேட்கப்படாதவரை, அது ஊரார் சொல்லன்று. ஊருட் சிலர் சொல்லே.

ஆகவே, விண்ணப்பம் எழுதப் புகும் ஆசிரியர் கூடியிருப்போரை நோக்கிச் சில வினாக்களை வினவுக. நாம் மறுப்பது நாமே நுகரும் ஒன்றைப் பிறர்க்கு மறுப்பதோ? இழப்பவர் யார், பயன் பெறுபவர் யார்? வேறிடம் உண்டோ? செய்தபின் தவறெனக் கண்டால் மீட்கலாகுமோ? கட்டிய மதிலை இடிக்கலாம். உவரேறிய கிணற்றையும் நிரப்பிய வாவிக்கரையையும் மீட்டல் அரிது. மீளாத இழப்பில் இன்னும் பிறவாதார்க்கும் பங்குண்டு. அவர் கூட்டத்துக்கு வரமாட்டார். அவர்பொருட்டு ஐயத்தின் பயனை நிலத்துக்கே அளித்தல் தகும் என்பது எம் கருத்து.

சட்டமும் இதற்குச் சிறிது இடந் தந்துள்ளது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயமெனக் கொண்டு, ஆங்கு ஆக்கவேலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது. தேசிய சுற்றாடற் சட்டத்துக்கு 1988 ஆம் ஆண்டிற் செய்த திருத்தத்தின்படி, பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்துரைக்க 30 நாள் தவணை தரப்படும். வாசித்துப் பொருள் கூறுவாரின்றி அத்தவணை கழியுமாயின், பின்பு வீதியில் நின்று கூவுவதாற் பயன் சிறிதே. அறிக்கையைப் பெற்று ஊரார்க்கு எளிய தமிழிற் படித்துக் காட்டுதலும், சொல்லத் தெரியாதார் சொல்வதைச் சொல்லியவாறே எழுதித் தருதலும், மாணாக்கரை அழைத்துச் சென்று வாவிக்கரை மரங்களின் பெயரும் பயனும் அறிவித்தலும் நம் ஆசிரியர் இன்றே தொடங்கத்தக்க பணிகளாம்.