தம்பிரான் மாடும் தாய்க்கோழியும்

ஸ்ரீ:

உத்ஸவ காலத்தில் பெருமாளைச் சேவிக்க வரும் அன்பர்களில் பலர் முழு மனத்தோடு வருவதில்லை. உடல் ஸந்நிதியில் நிற்கும். உள்ளத்தில் பாதி வீட்டுத் தொழுவத்தில் கட்டுண்டு கிடக்கும். நிறைசினையாக நிற்கும் கிடாரி இன்றிரவே ஈன்றுவிடுமோ, அடைக்கோழிக்கு அண்டை வீட்டார் மறவாமல் தண்ணீர் வைத்தார்களோ, பஞ்சாரத்தைச் சரியாகக் கவிழ்த்தார்களோ, கீரி புகுந்ததோ என்னும் எண்ணங்கள் புறப்பாட்டின் நடுவிலும் வந்து நிற்கும். வீட்டில் யாரேனும் ஒருவர் காவலுக்கென்று தங்கிவிடுவதும் உண்டு. தேர் காண வராத அவருக்காகச் சிறு பொட்டலம் பிரசாதம் மட்டும் ஊர் போய்ச் சேரும்.

கூடலூர் முதல் வீரபாண்டி வரை கம்பம் பள்ளத்தாக்கில் இது வீட்டுக்கு வீடு காணும் காட்சியாகும். 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரால் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் பூமி இது. வயல் உள்ள இடத்தில் வைக்கோல் உண்டு. வைக்கோல் உள்ள இடத்தில் மாடு உண்டு. மாடு உள்ள முற்றத்தில் கோழி கிளறும். உழுபவர்க்கு உறுதுணை இவையே. உறக்கத்தைக் கெடுப்பவையும் இவையே.

ஆகவே ஒரு கேள்வி எழுகின்றது. ஆடு, மாடு, கோழி என்று காலை முதல் இரவு வரை அலைபவர்க்குப் பகவானை நினைக்கப் பொழுது ஏது? தொழுவத்தில் தங்கிவிட்டவர் உத்ஸவத்தை இழந்தவர்தாமா?

ஆண்டாள் காட்டும் ஆய்ப்பாடி

இக்கேள்விக்கு விடை தேடிக் காடு மலை ஏற வேண்டுவதில்லை. மார்கழி தோறும் வீதிகளில் ஒலிக்கும் திருப்பாவையே விடை பகர்கின்றது. உபநிடதங்களின் ஸாரம் என்று பெரியோர் போற்றும் அந்தப் பிரபந்தத்தைத் திறந்தால் அங்கே தென்படுவது என்ன? குடம் நிறையப் பால் சொரியும் பெரும் பசுக்கள். பனிப்புல் மேய அதிகாலையில் அவிழ்த்துவிடப்பட்ட எருமைகள். கன்றை நினைத்த மாத்திரத்தில் தானே பால் சுரந்து இல்லத்தைச் சேறாக்கும் இளங்கன்றெருமை. விடிந்தது என்று எங்கும் கூவும் கோழிகள். கோழி கூவும் அந்தப் பதினெட்டாம் பாசுரத்தை அநுஸந்தித்து வருகையில், பெரிய நம்பியின் திருக்குமாரத்தி அத்துழாய் வளை ஒலிக்கக் கதவு திறக்க, நப்பின்னைப் பிராட்டியே எதிரில் வந்தாள் என்று எம்பெருமானார் மூர்ச்சித்தார் என்பது ஸம்ப்ரதாயம் அறிந்த செய்தி.

இருபத்தெட்டாம் பாசுரத்தில் ஆயர் சிறுமியர் தங்கள் தகுதியைக் கூறுகின்றனர். மாடுகளின் பின்னே காட்டுக்குச் சென்று அங்கேயே உண்பவர்கள், அறிவென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாதவர்கள். ஆயினும் கண்ணன் தங்கள் குலத்தில் வந்து பிறந்த புண்ணியம் ஒன்று உண்டு என்கின்றனர். வேதம் ஓதவில்லை, யாகம் செய்யவில்லை, மாடு மேய்த்தார்கள். அந்த மேய்ச்சல் நிலத்திற்குத்தான் பரம்பொருள் கோல் ஏந்தி, குழல் செருகி, கால் நோக நடந்து வந்தது. தொழுவத்தில் தங்கியவரை அவன் மறந்திருப்பானா?

தம்பிரான் மாடு

கம்பராயப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் கம்பம் நகரிலேயே இந்தத் தத்துவத்திற்குக் கண்கண்ட சாட்சி உள்ளது. நந்தகோபாலன் கோயில் என்றும் தம்பிரான் மாட்டுத் தொழு என்றும் வழங்கும் அவ்விடத்தில் மாட்டு மந்தையே வழிபாட்டுக்குரியது. கன்னட நாட்டிலிருந்து முன்னோர் இப்பக்கம் குடிபெயர்ந்தபோது உடன் வந்த மாடுகளின் வழிவந்தவை இவை என்பது அதனைப் பேணும் மக்களின் மரபுச் செய்தி. மாட்டுப் பொங்கலன்று சுற்று வட்டாரத்தார் திரளாக வந்து இம்மாடுகளை வணங்கிச் செல்வர். அந்நாளில் தம் வீட்டில் பிறந்த கன்றை இத்தொழுவுக்கு விட்டுவிடும் வழக்கமும் உண்டு.

மந்தைக்குத் தலைமை தாங்குவது பட்டத்துக் காளை. ஒரு காளை மறைந்தால் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட விவரச் சுவடி விரிவாகக் கூறுகின்றது. நல்ல நாளில் மந்தையை ஒன்று கூட்டி, கற்பூரம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு முதலியன வைத்து வழிபட்டு, கரும்புக் கட்டு ஒன்றை முன்னே வைப்பர். எந்தக் காளை முதலில் கரும்பை நாடி வருகிறதோ அதுவே பட்டத்துக் காளை. அதற்கு மஞ்சளும் குங்குமமும் பூசி, மாலையிட்டு, நந்தகோபாலஸ்வாமி என்னும் திருநாமம் சூட்டுவர். மனிதர் தேர்ந்தெடுப்பதில்லை; காத்திருப்பதே மனிதர் தொழில்.

தம்பிரான் என்றால் தலைவன், உடையவன். ‘தம்பிரான் மாடு’ என்று சொல்லும் போதே, இது என்னுடையதன்று, அவனுடையது என்று வாய் ஒப்புக்கொள்கிறது. ஆசார்யர்கள் சேஷத்வம் என்று பல கிரந்தங்களில் விளக்கிய பொருளை இவ்வூர்ப் பேச்சு இரண்டே சொல்லில் அடக்கிவிட்டது. அந்தத் தொழுவில் மட்டுமன்று, வீட்டுக் கொட்டிலில் நிற்கும் மாடும், முற்றத்தில் கிளறும் கோழியும் தம்பிரான் உடைமைகளே. வளர்ப்பவர் மேய்ப்பர்; உடையவன் வேறு ஒருவன்.

தாய்க்கோழியின் தவம்

மீன் தன் முட்டையைப் பார்வையாலும், ஆமை நினைவாலும், பறவை ஸ்பர்சத்தாலும் குஞ்சாக்கும் என்பது பெரியோர் வழங்கும் உவமை. ஆசார்யன் சிஷ்யனைக் காக்கும் மூவகைக்கு இதனை எடுத்துக் காட்டுவர். இவற்றுள் மூன்றாவதை அன்றாடம் காணும் பேறு கோழி வளர்ப்பவருக்கே உண்டு. கூடையில் மணல் பரப்பி, இடிக்கு அஞ்சி இரும்புத் துண்டும் கரித்துண்டும் ஓரத்தில் இட்டு, முட்டைகளை வைத்துவிட்டால் இருபத்தொரு நாள் அக்கோழி எழுவது அரிது. நாளுக்கு ஒரு முறை இறங்கி, நாலு தானியம் கொத்தி, ஒரு வாய் நீர் அருந்தி, ஓடோடி வந்து மீண்டும் அமரும். அலகால் முட்டைகளை மெல்லப் புரட்டி, வெப்பம் எல்லாப் பக்கமும் சேரச் செய்யும். உடல் இளைத்துவிடும், இடம் விட்டு அகலாது.

வாத்து முட்டையை அடைக்கு வைத்தாலும் அது வேற்றுமை பாராட்டுவதில்லை. இருபத்தெட்டு நாள் ஆக வேண்டும். இன்னும் ஒரு வாரம் பொறுத்து உட்காரும். பொரித்த குஞ்சுகள் வாய்க்காலைக் கண்டதும் நீரில் இறங்கிவிட, தாய்க்கோழி கரையில் நின்று பதறிக் கூவும். தனக்குப் பிறவாத பிள்ளை, தனக்குத் தெரியாத நீரில் இறங்கியதற்கே ஒரு கோழியின் நெஞ்சு இப்படித் துடிக்குமானால், ஸம்ஸார வெள்ளத்தில் தானே போய் இறங்கிய ஜீவனைக் கண்டு ஸர்வேச்வரன் திருவுள்ளம் எவ்வளவு பதறும்!

பசுவும் அப்படியே. வத்ஸம் என்றால் கன்று. வாத்ஸல்யம் என்ற சொல்லே கன்றிடமிருந்து பிறந்தது. அன்று ஈன்ற கன்றின் உடம்பில் உள்ள அழுக்கைத் தாய்ப்பசு அருவருக்காமல் நக்கித் துடைக்கும். அதையே தனக்கு விருந்தாகக் கொள்ளும். அடியாருடைய குற்றத்தை எம்பெருமான் குணமாகக் கொள்ளும் நிலைக்குப் பூர்வாசார்யர்கள் இதனையே எடுத்துக்காட்டினர். நள்ளிரவில் அரிக்கேன் விளக்கோடு தொழுவத்தில் விழித்திருந்து, கன்று தள்ளாடி எழுந்து மடியை முட்டிச் சீம்பால் குடிப்பதைக் கண்டவர், அந்த வ்யாக்யானத்தை ஏட்டில் அல்ல, நேரில் வாசித்தவர்.

கவலையும் கடமையும்

மகிழ்ச்சி உள்ள இடத்தில் கவலையும் உண்டு. பன்னிரண்டு குஞ்சு பொரித்தால் பருந்துக்கு இரண்டு, காட்டுப்பூனைக்கு ஒன்று என்று கணக்குக் குறையும். வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டால் ஒரு வாரத்தில் முற்றமே வெறிச்சோடும். 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாவடிகளில் வண்டிகளுக்கு மருந்து தெளித்துக் காவல் இருந்தனர். இப்பக்கத்துக் கோழிக்காரர்கள் உறங்காமல் இருந்தனர்.

‘பெருமாள் பார்த்துக்கொள்வார்’ என்று கையைக் கட்டிக்கொள்வது சரணாகதியா? அன்று, அது சோம்பல். குரங்குக்குட்டி தாயைத் தான் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். ஸம்ப்ரதாயத்தில் இவ்விரு நியாயங்களைப் பற்றி நெடுங்காலம் விசாரம் நடந்துள்ளது. ஆயினும் எந்த நியாயத்திலும் தாய்ப்பூனை குட்டியைத் தரையில் போட்டுவிட்டு உறங்குவதில்லை. தொழுவத்தைப் பொறுத்தவரை வளர்ப்பவரே தாயின் இடத்தில் நிற்கிறார். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, இரண்டு மாதமானால் இறக்கையில் தடுப்பூசி, மாட்டுக்குக் கோமாரி ஊசி என்று காலம் தவறாமல் செய்வதும் கைங்கர்யமே. வெக்கை நோய் வந்து ஊர் ஊராக மாடுகள் மாண்ட காலம் ஒன்று உண்டு. ஊசி போட்டே அந்நோயை உலகம் முழுவதிலும் ஒழித்துவிட்டதாக 2011இல் அறிவித்தனர். அதற்காக உழைத்த கைகளைப் பகவானுடைய அநுக்ரஹம் இயக்கிற்று என்று கொள்வதில் ஆஸ்திகனுக்குத் தடை இல்லை.

மருந்தால் தீராத கவலையும் ஒன்று வந்துள்ளது. மலை மாடுகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த காடுகளின் ஒரு பகுதி 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சல் கூடாது என்று 2022இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. புலியும் தம்பிரானுடையதே, மாடும் தம்பிரானுடையதே. ஒன்றைக் காக்க மற்றொன்று பசித்திருக்க வேண்டுமோ என்று மேய்ப்பவர் கேட்கும் கேள்விக்கு எளிதில் விடை இல்லை. ஆயினும் ஆண்டாள் அவதரித்த ஊரின் பெயரும் மேகமலையின் பெயரும் ஒன்றாய் இணைந்து நிற்கும் அக்காட்டில், மாடுகளின் பின் சென்றோரைப் பாடியவளுடைய கடாக்ஷம் அவர்கள்மீது இராமற் போகாது.

பரதனின் மானும் பட்டர் கேட்ட முயலும்

வளர்ப்பதில் ஓர் அபாயமும் உண்டு. ஸ்ரீமத் பாகவதத்தில் பரத சக்ரவர்த்தி நாட்டைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் இருந்தார். சிங்கத்தின் கர்ஜனைக்கு அஞ்சி நதியைத் தாண்டிய பெண்மான், குட்டியை நீரில் ஈன்று மாண்டது. அக்குட்டியை எடுத்து வளர்த்தார். நாளடைவில் பூஜை குறைந்தது. ‘என் மான் எங்கே’ என்ற ஏக்கம் வளர்ந்தது. அந்திம காலத்திலும் மானையே நினைந்து மானாகவே பிறந்தார். மானைக் காத்தது பிழையா? இல்லை, உயிரைக் காத்தது தர்மமே. ‘என் மான்’ என்றதே பிழை. ‘தம்பிரான் மான்’ என்று வளர்த்திருந்தால் அதுவே ஆராதனமாகி இருக்கும்.

பராசர பட்டர் திருச்செவியில் விழுந்த செய்தியோ இதன் மறுபக்கம். வேடன் ஒருவன் முயற்குட்டியைப் பிடித்துச் செல்ல, தாய் முயல் பின்தொடர்ந்து வந்து அவன் காலடியில் விழுந்தது. மனம் இரங்கிய வேடன் குட்டியை விட்டுவிட்டான். அதைக் கேட்ட பட்டர் நெகிழ்ந்தார். முயலுக்குச் சரணாகதி சாஸ்திரம் தெரியாது. வேடனுக்குக் காப்பேன் என்று வாக்களித்த பழக்கமும் இல்லை. அங்கேயே இரக்கம் பிறந்ததென்றால், சரம ச்லோகம் அருளிய பெருமானிடம் ஐயம் எதற்கு என்பது அவர் திருவுள்ளம்.

பேசத் தயங்கும் இடமும் ஒன்று உண்டு. வளர்த்தவர் விற்கவும் வேண்டியிருக்கிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்குச் சேவல் சந்தைக்குப் போகிறது. மடி வற்றிய பசுவுக்கு வைக்கோல் போட இயலாத வீடும் உண்டு. அவ்வீட்டாரைப் பழிப்பது எளிது. அவர்கள் தொழுவத்தில் ஒரு கட்டு வைக்கோல் இறக்குவது அரிது. அரியதைச் செய்பவனே பாகவதன். விற்பவரும் வேடன் காட்டிய இரக்கத்தில் ஒரு பங்கையேனும் காட்டலாம். கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடாமல் கூடையில் கொண்டு செல்லலாம். வெயிலில் நிற்கும் மாட்டுக்கு ஒரு வாளி நீர் வைக்கலாம். துன்புறுத்திக் கொண்டு செல்வதை 1960ஆம் ஆண்டுச் சட்டமும் குற்றம் என்கிறது. சட்டம் பார்க்காத இடத்திலும் உடையவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஊர் திரும்புகையில்

இராமபிரான் அயோத்தியில் புல்லும் எறும்பும் ஈறாக எல்லா உயிர்க்கும் நற்கதி அளித்ததை நம்மாழ்வார் அநுபவித்துப் பாடினார். கழுகரசன் ஜடாயுவுக்குத் தந்தைக்குச் செய்யும் கடனை அப்பெருமான் தன் கையால் செய்தான். அத்தகையவன் ஸந்நிதியிலிருந்து திரும்பும் அன்பர்கள், பிரசாதத்தைத் தொழுவத்தில் தங்கிவிட்டவரிடம் தரும்பொழுது இரக்கத்தோடு தர வேண்டாம், மரியாதையோடு தரலாம். உத்ஸவம் முழுவதும் அவரும் ஒரு ஸந்நிதியில்தான் நின்றிருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் கோழி கூவும்; கன்று கத்தும்; பால் செம்பில் நுரை எழும்பும். கட்டுத்தறியில் கயிற்றை அவிழ்க்கும் கை ஒரு கணம் நின்று, ‘தம்பிரானே, உன் மாடு, உன் கோழி, காவலுக்கு மட்டும் அடியேன்’ என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கட்டும். கவலை தீராதிருக்கலாம், கவலைப்படுபவர் தனியே இருக்க மாட்டார். கோபாலன் கோல் ஏந்தி முன்னே நடப்பான்.

சுபம்