சுமாரான இரவுகளும் வேண்டும்

கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் கச்சேரிப் படங்களில் ஆகச் சிறந்தது எது? இந்தக் கேள்விக்கு, கேட்பவரின் பொறுமையைப் பொறுத்து இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். அவசரத்தில் இருப்பவரிடம் ‘சன்ஷைன் டேட்ரீம்’ பாருங்க என்று சொல்லி அனுப்பிவிடலாம். கொஞ்சம் நேரம் இருப்பவரிடம், அந்த ‘ஆகச் சிறந்தது’ என்ற சொல்லைப் பற்றியே பேச வேண்டியிருக்கும். இது இரண்டாவது வகைப் பதில்.

முதலில் குழுவைப் பற்றி. 1965-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்து, கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995-ல் இறக்கும்வரை முப்பது வருடங்கள் வாசித்தார்கள். 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. ‘ஜாம் பேண்ட்’ என்ற சொல் நம் காதுக்கு அந்நியம்தான், விஷயம் அந்நியமில்லை. கீர்த்தனை ஒரு சாக்கு, நிரவலும் ஸ்வரமும்தான் கச்சேரி என்று நினைக்கிற ஒரு வித்வானைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்படி ஐந்தாறு பேர் ஒரே மேடையில், யார் எங்கே போகிறார் என்று முன்கூட்டியே பேசி வைக்காமல் வாசித்தால் அதுதான் ஜாம். இவர்களுடைய ‘டார்க் ஸ்டார்’ 1968-ல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. 1972 ஆகஸ்ட் 27 அன்று ஒரிகன் மாநிலத்தின் வெனீட்டாவில் அதே பாட்டு அரை மணி நேரம் ஓடியது.

‘சன்ஷைன் டேட்ரீம்’ அந்த வெனீட்டா கச்சேரியின் படம். ஒரு பால் பண்ணை நிறுவனத்துக்கு நிதி திரட்ட நடந்தது. மண்டையைப் பிளக்கிற வெயில். கம்பத்தின் மேல் ஏறிப் பொட்டுத் துணியில்லாமல் ஆடுகிற ஒருவர். நடுவே கார்சியா கண்ணை மூடிக்கொண்டு எதையோ துழாவிக்கொண்டிருக்கிறார். படம் முறையாக வெளிவந்தது 2013-ல்தான். இன்னொன்று ‘தி கிரேட்ஃபுல் டெட் மூவி’. 1974 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவுகள் எடுத்ததை, கார்சியாவே கூட உட்கார்ந்து வருடக்கணக்கில் தொகுத்து 1977-ல் வெளியிட்டார். மேடைக்கு நிகராகக் கூட்டத்தையும் காட்டுகிற படம்.

ஆனால் ரசிகர்கள் பலர் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற இரவு இது இரண்டுமில்லை. 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகம். பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பொறியாளர் பதிவு செய்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. நம்மிடம் இருப்பது அதன் ஒலி. ஆக, ‘சிறந்த கச்சேரிப் படம்’ என்று நாம் தேடுவது, கேமரா இருந்த இரவுகளுக்குள் சிறந்ததை. கேமரா எந்த இரவில் இருந்தது என்பதைத் தீர்மானித்தது இசையில்லை. காசு, வசதி, தற்செயல்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிறந்தது என்று சொல்ல ஒப்பிட வேண்டும். ஒப்பிட இரண்டு இரவுகளை அருகருகே வைக்க வேண்டும். இரவுகள் அப்படி வருவதில்லை, ஒன்று போன பிறகுதான் அடுத்தது. கார்னெலில் அன்று நின்றவர்களுக்கு அது வெறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ‘சிறந்த இரவு’ என்பதே பதிவு வந்த பிறகு பிறந்த கருத்து. அதோடு, மனோதர்மத்தில் வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் தோற்கும் வாய்ப்போடுதான் இறங்குகிறார். பத்து நிமிடம் துழாவி ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிற இரவிலும், கிடைத்துவிடுகிற இரவிலும் இருப்பது ஒரே துணிச்சல்தான். துழாவலை வெட்டிவிட்டுக் கிடைத்ததை மட்டும் காட்டினால், அது வித்தைபோல் ஆகிவிடுகிறது.

அப்படியென்றால் பதிவே வேண்டாமா? நான் இருப்பது திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பகுதியில். லேப்டாப் வேலைதான், எங்கிருந்தும் செய்யலாம் என்பதால் இங்கே வீடு எடுத்திருக்கிறேன். இந்தத் தெருக்களில் ‘பதிவு வேண்டாம், கணம் போதும்’ என்ற பதில் மிகச் சுலபமாகக் கிடைக்கும். ஒவ்வொரு டீக்கடையிலும் கிடைக்கும். எழுபதுகளில் இந்தக் குழுவை நேரில் கேட்டதாகச் சொல்லும் ஒரு வயதான அமெரிக்கர் ஒவ்வொரு மார்கழியிலும் வருவார். படம் எதையும் பார்க்காதே, அது முடிந்துவிட்டது என்பது அவர் அறிவுரை.

இந்தப் பதிலுக்கு இந்த ஊரிலேயே வலுவான சாட்சியும் உண்டு. ரமணர் கைத்தடியோடு நடக்கிற பழைய படச்சுருள்கள் இருக்கின்றன, எல்லாம் ஒலியில்லாதவை. மௌனமே தன் சிறந்த உபதேசம் என்றவருக்கு ஊமைப்படம்! இதைவிடப் பொருத்தம் ஏது என்று தோன்றும். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு அவர் மறைந்தபோது ஹென்றி கார்ட்டியே-பிரஸ்ஸோன் இந்த ஊரில்தான் இருந்தார். கணத்தைப் பிடிப்பதில் அவரை மிஞ்சிய புகைப்படக்காரர் இல்லை என்று உலகம் சொன்ன ஆள். வானத்தில் ஒரு ஒளி மெல்ல நகர்ந்து போனதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். அந்த ஒளியைக் காட்டுகிற புகைப்படம் எதுவும் இல்லை. கேட்டதும் நமக்குச் சிலிர்க்கிறது. படம் இல்லாததாலேயே சிலிர்க்கிறது.

ஆனால் இந்தச் சிலிர்ப்பை நான் முழுக்க நம்புவதில்லை. ‘போனது போகட்டும்’ என்று யாரால் சொல்ல முடிகிறது என்று கவனியுங்கள். அந்த அமெரிக்கரின் குழு, ரசிகர்கள் பதிவு செய்வதை அனுமதித்தது. 1984 முதல் அதற்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. விற்காதே, பகிர்ந்துகொள் என்பது மட்டும்தான் நிபந்தனை. இன்று அவர்களுடைய கச்சேரிகளில் பெரும்பகுதி இணையத்தில் கேட்கக் கிடைக்கிறது. எல்லாம் பத்திரமாக இருப்பவர் நிலையாமை பேசுவது எளிது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வீதியுலாவில் அவர் தோடியை மணிக்கணக்கில் விரித்த கதைகளைக் கேட்காத தஞ்சாவூர்க்காரர் இல்லை. ஊர் ஊராக வீட்டுக்குள் போனது அவருடைய தோடி இசைத்தட்டு. அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் சொச்சம்தான். 1940-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். வானொலிப் பதிவுகளும் சில உண்டு. ஆனால் 1956-ல் அவர் மறைந்தபோது, ஒரு முழு இரவு வீதியில் எப்படி நகர்ந்தது என்பதும் கூடவே போய்விட்டது. அவருக்கே இந்தக் கதியென்றால் பெயர் தெரியாதவர்களின் கதி?

என் அம்மாவின் அப்பா தவில்காரர். திருவாரூர் பக்கம் கோயில் சேவகமும் கல்யாண மேளமுமாக வாழ்ந்தவர். அவர் வாசித்ததில் எங்களிடம் மிஞ்சியிருப்பது 1993-ல் சித்தி கல்யாணத்தில் எடுத்த ஒரு வீடியோ கேசட். தாத்தா நன்றாகத் தெரிகிறார். விரல்களில் கூடு, இடது கையில் கழி, நாயனக்காரரைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஆனால் மேளச் சத்தம் இல்லை. கேசட்டைத் தொகுத்தவர் அந்த வருடத்துச் சினிமாப் பாட்டு ஒன்றை மேலே போட்டுவிட்டார். அந்த நாளில் எல்லாக் கல்யாணக் கேசட்டும் அப்படித்தான். தாலி கட்டும்போது மட்டும் பாட்டு நின்று, கெட்டிமேளம் சில நொடி கேட்கும். உடனே மறுபடி பாட்டு. “அன்னிக்கு அப்பா அவ்வளவு ஒண்ணும் நல்லா வாசிக்கலடா, காய்ச்சல்” என்பார் அம்மா.

இருக்கட்டுமே. அந்தச் சுமாரான வாசிப்பைத்தான் நான் கேட்க விரும்புகிறேன். ரமணரின் ஊமைப்படத்தில் இருக்கும் மௌனத்துக்கும் இந்தக் கேசட்டில் இருக்கும் மௌனத்துக்கும் வித்தியாசம் உண்டு. அங்கே அவரே மௌனத்தைத் தேர்ந்துகொண்டார். இங்கே தாத்தாவை யாரும் கேட்கவில்லை. இதை நிலையாமை என்ற பெரிய சொல்லால் மூடினால், யாரைக் காப்பாற்றலாம், யாரை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் கலைஞர் ஒருவரின் கச்சேரிப் படம் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது சத்யஜித் ராய் 1976-ல் எடுத்த ‘பாலா’. ஒரே வரியைப் புதிது புதிதாக அபிநயிப்பதில் பாலசரஸ்வதிக்கு இணை இல்லை என்பார்கள். பத்து வருடம் முன்பே எடுக்க நினைத்து முடியாமல், கடைசியில் படமெடுத்தபோது அவருக்கு வயது 58. கடற்கரையில் காற்றுக்குச் சேலை படபடக்க ஆடுகிறார். ‘கிருஷ்ணா நீ பேகனே’. சிறந்த வயது இல்லை, சிறந்த மேடை இல்லை, படமும் ஏறத்தாழ அரை மணி நேரம்தான். ராய் நல்ல நாளுக்காக இன்னும் காத்திருந்தால் இதுவும் இருந்திருக்காது. 1984-ல் பாலா போய்விட்டார்.

என் தொழிலில் ஒரு பால பாடம் உண்டு. ஒரு அமைப்பு ஒழுங்காக ஓடிய நேரத்தை மட்டும் பதிந்து வைத்தால் அந்தப் பதிவு எதற்கும் உதவாது. எல்லாவற்றையும் பதிய வேண்டும். எது முக்கியம் என்பதைப் பிறகு, வேறு யாரோ, வேறு ஒரு தேவையோடு வந்து கண்டுபிடிப்பார்கள். கார்னெல் இரவும் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. பெட்டி தன் குழுவின் இரவுகளைச் சலிக்காமல் பதிந்துகொண்டே இருந்தார். பின்னாளில் கிடங்கு வாடகை கட்ட முடியாமல் அவருடைய நாடாக்கள் 1986-ல் ஏலம் போயின. வாங்கியவர்கள் வழியாக ரசிகர்களிடம் பரவின. ‘சிறந்தது மட்டும் போதும்’ என்று அவர் நினைத்திருந்தால் அந்தச் சிறந்ததே கிடைத்திருக்காது.

ஆகவே என் பதில் இது. ‘சன்ஷைன் டேட்ரீம்’ பாருங்கள், ஆனால் ‘டார்க் ஸ்டார்’ வரும்போது ஓட்டிவிடாதீர்கள். பத்தாவது நிமிடத்தில் சலிப்பாக இருக்கும். இருக்கட்டும், அவர்களுக்கும் அங்கே வழி தெரியவில்லை. பிறகு ‘பாலா’ பாருங்கள்.

கார்த்திகை தீபத் திருவிழாவுக்கு இங்கே வந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. மாட வீதியில் சாமி வரும்போது கைபேசிகளெல்லாம் சாமியைப் பார்த்தே உயரும். முன்னால் போகிற மேளத்தை எடுப்பவர் குறைவு. அண்ணே, எடுத்துக்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சரி என்றால் பத்து நிமிடம் வெட்டாமல் எடுங்கள், மேலே பாட்டுப் போடாதீர்கள், வாசித்தவர் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். அன்று வாசிப்பு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. சாமியை எடுக்கத்தான் ஆயிரம் பேர் இருக்கிறார்களே.