கரைந்துபோன ஓடுகள்

ஒரு நற்செயலின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது? அது தந்த பயனைக் கொண்டா, நிலைத்து நின்ற காலத்தைக் கொண்டா, அல்லது அதைச் செய்த உள்ளத்தைக் கொண்டா? அறநெறி இயலில் நாம் குருமடத்தில் படித்த இக்கேள்வியை, எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் நம்மிடம் வேறு சொற்களில் கேட்டார்.

அவர் நமது கிளைக்கிராமம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் உபதேசியாராக உழைத்து மறைந்தவரின் துணைவியார். மழை பொய்த்த அவ்வூரிலிருந்து மக்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். உபதேசியாரிடம் செபம் கற்ற பிள்ளைகளுள் ஒருவர்கூட இன்று ஊரில் இல்லை. அவர் முன்னின்று எழுப்பிய சிற்றாலயம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது.

அவருடைய நினைவுத் திருப்பலியில், கடலில் மிதந்து வாழும் ஒரு நுண்பாசியைப் பற்றி நாம் மறையுரையில் கூறினோம். எமிலியானியா ஹக்ஸ்லியி என்பது அதன் அறிவியற் பெயர். ஒரே உயிரணுவால் ஆன அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணச் சத்தை உட்கொண்டு, தன் உடலுக்குள்ளேயே வண்டிச்சக்கரம் போன்ற சின்னஞ்சிறு தகடுகளை ஒவ்வொன்றாக வார்த்து, அவற்றை வெளியே தள்ளித் தன்னைச் சுற்றி ஓடாக அடுக்கிக்கொள்கிறது. ஒரு தகட்டை வார்க்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. இப்பாசி பெருகும் காலத்தில் கடற்பரப்பு பால் கலந்தாற்போல் வெளுத்துத் தோன்றுவதைச் செயற்கைக்கோள்களும் படம் பிடிக்கின்றன.

இங்கிலாந்தின் டோவர் கரையில் நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் வெண்பாறைகள், இப்பாசியின் பண்டைய உறவினங்கள் விட்டுச் சென்ற தகடுகளால் பெரும்பாலும் ஆனவை. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் அவை கடலடியில் படிந்தன. தாமஸ் ஹக்ஸ்லி என்ற அறிஞர் 1868-இல் நார்விச் நகரத் தொழிலாளர்களுக்கு, தச்சர் பையில் கிடக்கும் ஒரு சுண்ணக்கட்டியை வைத்தே இவ்வரலாற்றை விளக்கினார். “கண்ணுக்குத் தெரியாத உழைப்பும் ஒருநாள் மலையாகும்; உபதேசியாரின் உழைப்பும் அப்படியே” என்று நாம் மறையுரையை முடித்தோம்.

திருப்பலிக்குப் பின் அம்மூதாட்டி நம்மிடம் வந்தார். “சேர்ந்ததெல்லாம் மலையாச்சு, சரி சாமி. சேராமப் போனது என்னாச்சு? அதெல்லாம் வீண்தானா?” என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

பின்னர் நூல்களைப் புரட்டியபோது, அவர் கேள்வி எவ்வளவு சரியானது என்பது விளங்கிற்று. கடலின் மேற்பரப்பில் உருவாகும் சுண்ண ஓடுகளுள் பெரும்பகுதி பாறையாவதே இல்லை. சில மூழ்கும் வழியிலேயே கரைகின்றன. ஏறத்தாழ 4 முதல் 5 கிலோமீட்டர் ஆழத்திற்குக் கீழே, குளிரும் அழுத்தமும் கரியமில வாயுவும் மிகுந்த நீரில், எஞ்சியவையும் கரைந்துபோகின்றன. ஆக, நாம் சொன்ன ஆறுதல் பாறையில் இடம்பெற்ற சிலருக்கு மட்டுமே உரியது. கரைந்துபோன பலருக்கு நாம் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் நமக்கு ஒரு மறுமொழி தோன்றியது. கரைந்த ஓடும் வீணாவதில்லை. அது கடலின் அமிலத்தன்மையைத் தணிக்கிறது. அதன் சத்து மீண்டும் நீரில் கலந்து வேறோர் ஓட்டுக்குப் பொருளாகிறது. இது உண்மையே. ஆனால் இதைச் சொல்லும்போதும் நாம் பயனையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். பாறைக்குப் பதில் கடல்நீரைக் காட்டுகிறோம், அவ்வளவே.

இன்னும் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். அப்பாசி பாறை கட்டப் புறப்படவில்லை. தன்னை விழுங்க வரும் நுண்ணுயிர்களிடமிருந்து காத்துக்கொள்ளவும், கடுமையான ஒளியைத் தாங்கவும் அவ்வோடு அதற்கு உதவுகிறது என அறிஞர் கருதுகின்றனர். எதுவாயினும், அந்த ஓடு அந்த உயிரின் அன்றைய வாழ்வுக்கானது. பின்னர் அது பாறையானாலும் கரைந்தாலும், அன்று அது செய்த பணி குறைவுபடுவதில்லை. பிற உயிர்களுக்கும் கடவுளின் பார்வையில் தமக்கென ஒரு மதிப்பு உண்டு என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்ததன் பொருளை நாம் இங்கேதான் உணர்ந்தோம்.

பாசிக்கு எண்ணமில்லை, மனிதருக்கு உண்டு. ஆகவே நம் செயலில் கூடுதலாக ஒன்று இருக்கிறது: அன்பு. காணிக்கைப் பெட்டியில் இரு காசுகளைப் போட்ட கைம்பெண்ணைப் பாராட்டிய ஆண்டவர், அக்காசுகள் எதற்குப் பயன்பட்டன என்று கூறவில்லை. அவை விழுந்த அந்த எருசலேம் ஆலயமோ கி.பி. 70-இல் இடிந்தழிந்தது. அன்பும் அதன் செயல்களும் நிலைத்திருக்கும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏட்டில் கற்பித்தது. அவை நிலைப்பது கல்லிலன்று, கடவுளிடத்தில்.

இதனால் விளைவைப் பற்றிக் கவலையற்றிருக்கலாம் என்று எவரும் கொள்ளலாகாது. பிள்ளைகள் கற்றார்களா என்று பாராத ஆசிரியர் அன்புள்ளவர் அல்லர். விளைவை நாடி உழைப்பது நம் கடமை. ஆயினும், விளைவு நிற்காதபோது உழைப்பே பொய்யென்று தீர்ப்பிடும் உரிமை நமக்கில்லை. ஒரு மாலையில் அக்குழந்தைகளை அமர்த்தி உபதேசியார் செபம் சொல்லிக் கொடுத்தார். அந்த மாலை நிறைவாகவே இருந்தது. அவர்கள் பின்னர் எங்குச் சென்றாலும் அந்த மாலை நடவாததாகிவிடாது.

இறந்த விசுவாசிகள் நினைவு நாளில் கல்லறை மந்திரிக்கச் சென்றபோது, இவற்றை அம்மூதாட்டியிடம் நம்மால் இயன்றவரை எளிமையாகக் கூறினோம். பொறுமையாகக் கேட்டார். பின்பு மடியிலிருந்த திறவுகோலை எடுத்துக்கொண்டு, “இன்னும் கோயில் பெருக்கலை சாமி” என்று எழுந்தார். யாரும் வராத கோயிலை ஏன் பெருக்க வேண்டும் என்று நாம் அவரிடம் கேட்கவில்லை.