அனுப்பியதும் போட்டதும் ஒன்றல்ல

"பேட்ச் அனுப்பியாச்சு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டும் தம்பிகளே, தங்கைகளே, ஒரு நிமிடம் உட்காருங்கள். அனுப்பியது உங்கள் மேசையில் முடிந்த காரியம். அது வாடிக்கையாளரின் சர்வரில் ஏறியதா? எதில் ஏறியது, எதில் ஏறவில்லை? இதற்குப் பதில் எழுதி வைத்த பிறகு கிளம்புங்கள்.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வணிக நிறுவனத்துக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புது நிரல் ஏழில்தான் ஏறியிருந்தது. ஏற்றியவரின் வேலையை இன்னொருவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த விதியும் அங்கே இல்லை. எட்டாவதில், பல வருடமாக யாரும் தொடாத பழைய நிரல் ஒன்று கிடந்தது. சந்தை திறந்ததும் அது உயிர்பெற்று, நிற்காமல் ஆர்டர் போட்டது. 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். நட்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

ஒன்று விடுபட்டதைக்கூட நான் மன்னிப்பேன், கை தவறும். அதன்பின் நடந்ததுதான் நெஞ்சைப் பிசைகிறது. கோளாறு எங்கே என்று தெரியாத பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புது நிரலை எடுத்துவிட்டார்கள். அவற்றிலும் பழையது விழித்துக்கொண்டது. எதில் எது இருக்கிறது என்று தெரியாமல் கொடுத்த மருந்தே விஷமாயிற்று.

பேட்ச் போட்டார்களா என்று பார்க்காமல் விட்டாலும் இப்படித்தான். 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பேட்ச் போடப்படாத கணினிகளை மே மாதம் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் தாக்கியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. எச்சரிக்கைகள் முன்பே போயிருந்தன. அவற்றின்படி யார் செய்தார்கள் என்று பார்க்க, சுகாதாரத் துறையிடம் முறையான ஏற்பாடு இல்லை.

ஆகவே பதிவேடு வையுங்கள். எக்செல் போதும். எந்த வாடிக்கையாளர், எந்த சர்வர், எந்த வெர்ஷன், எந்தத் தேதி, யார் போட்டது, யார் சரிபார்த்தது. வேண்டாம் என்று மறுத்தவர் இருந்தால் அவர் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள். நினைவிலிருந்து நிரப்பாதீர்கள், சர்வரைத் திறந்து வெர்ஷனைப் பார்த்து எழுதுங்கள். பார்க்காமல் போடும் டிக், பொய் சாட்சி. அவசரத்துக்கு ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக ராத்திரியில் செய்துகொடுத்த திருத்தம் இருக்கிறதே, அதை முதலில் எழுதுங்கள். அது உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால், நீங்கள் வேலை மாறிப் போன பிறகு வரும் அப்டேட் அதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். பழைய பிழை திரும்ப வரும்போது, அங்கே உட்கார்ந்திருக்கும் புதுப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது.

"நாங்கள் அனுப்பினோம், அவர்கள் போடவில்லை" என்று கைகழுவாதீர்கள். அந்த மென்பொருளை நம்பிக் கடை திறக்கிறார்கள், சம்பளம் போடுகிறார்கள், மருந்து கொடுக்கிறார்கள். நாளைக் காலை உங்கள் முதல் போன், பதிவேட்டில் கட்டம் காலியாக இருக்கும் வாடிக்கையாளருக்குப் போகட்டும்.