நிறுத்தத் தெரிந்த செல்

உதட்டோரம் கொப்புளம் போடுமே ஹெர்பீஸ் வைரஸ், அதைத் திருத்தி, மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு மருந்தாக்கியிருக்கிறார்கள். பெயர் டி-வெக். 2015 அக்டோபரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. அந்த வைரஸிலிருந்து வெட்டியெடுத்த ஒரு மரபணுதான் என்னை விடாமல் யோசிக்க வைக்கிறது.

வைரஸ் உள்ளே புகுந்ததும் நம் செல், தன் புரத உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. புரதம் இல்லாவிட்டால் வைரஸ் பெருகாது. அந்தச் செல்லே செத்தாலும் அக்கம்பக்கத்துச் செல்கள் தப்பிக்கும். இந்த நிறுத்தத்தை முறியடிக்க ஹெர்பீஸிடம் ஐசிபி 34.5 என்ற மரபணு உண்டு. அதைத்தான் நீக்கினார்கள். இனி நல்ல செல்லில் நுழைந்தாலும் அதன் பாச்சா பலிக்காது.

புற்றுச் செல்லிலோ செழித்துப் பெருகுகிறது. பல புற்றுச் செல்களுக்கு நிறுத்தும் வழியே கெட்டுப்போயிருக்கிறது. ஓயாமல் பெருகுவதற்காக ஒவ்வொரு தாழ்ப்பாளாகக் கழற்றி எறிந்த வீடு அது. எதைப் பார்த்து நாம் நடுங்கினோமோ, அந்த அடங்காமையே வைரஸுக்கு வாசலாகிறது.

மருந்து நேரே கட்டிக்குள் போகிறது. ஒரே துளையில் ஊசியை இறக்கி, வெளியே எடுக்காமல் திசைமாற்றிச் செலுத்துகிறார்கள். முதல் தவணையில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் வைரஸ். மூன்று வாரம் கழித்து அதைப்போல் நூறு மடங்கு. குளிரும் காய்ச்சலும் வரும். கட்டியின் செல்கள் வெடித்துச் சிதற, நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கே வந்து சேர்கின்றன. அவற்றைக் கூப்பிடும் புரதத்துக்கான மனித மரபணுவையும் வைரஸுக்குள் வைத்திருக்கிறார்கள்.

436 பேரிடம் நடந்த சோதனையில், ஆறு மாதமாவது நீடித்த பலன் டி-வெக் பெற்றவர்களில் 16.3 சதவீதத்தினருக்குக் கிடைத்தது. ஒப்பீட்டு மருந்து பெற்றவர்களில் 2.1 சதவீதத்தினருக்கு. பலன் காணாத பெரும்பாலோரை மறந்துவிட்டு இந்த மருந்தைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அதே சோதனையில், ஊசியே படாத கட்டிகள் சிலவும் பாதிக்கு மேல் சுருங்கின. உடம்பின் காவல் அணுக்கள் எதிரியின் முகத்தை ஒரு கட்டியில் பார்த்துக்கொண்டு மற்றவற்றைத் தேடிப் போயிருக்க வேண்டும்.

உடம்பின் பலம் வளர்ச்சியில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். வேளை வந்தால் நின்றுவிடச் சம்மதித்த கோடானுகோடி செல்கள் சேர்ந்து வாழ்வதுதான் உடம்பு என்று இப்போது தோன்றுகிறது. புற்றுச் செல் அந்தச் சம்மதத்திலிருந்து விலகிப்போன ஒன்று. அதனால்தான் பல்லைப் பிடுங்கிவிட்ட வைரஸுக்கு எதிரே கூட அது தனியாக, காப்பாற்ற ஆளில்லாமல் நிற்கிறது.