புட்டியும் பூந்தாதும்

காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூரில், குளிர்பதனப் பெட்டி வாங்க வசதியில்லாத வீடொன்றின் சமையற்கட்டு மூலையில், ஈரமணலின்மேல் அமர்த்திய மண்பானைக்குள், தண்ணீர் படாதபடி டப்பாவில் அடைத்த சிறு கண்ணாடிப் புட்டி ஒன்று இருக்கும். அவ்வீட்டு ஆச்சி காலையும் மாலையும் அதை எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டி, அடியில் படிந்தது கலந்து பால்போல் ஆனதும் ஊசியில் ஏற்றி, வயிற்றில் குத்திக்கொண்டு, சற்று நேரங்கழித்தே பலகாரத்துக்கு உட்காருவார். புட்டியில் ஒட்டிய சீட்டிலோ, மூக்குக்கண்ணாடி போட்டாலும் எளிதில் பிடிபடாத பொடி எழுத்தில், உள்ளிருப்பது மனித இன்சுலின் என்றும், டி.என்.ஏ. மறுசேர்க்கையால் பெறப்பட்டது என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ஆச்சி அதைப் படித்ததில்லை. படிக்கவேண்டிய அவசியமும் அவருக்கு நேர்ந்ததில்லை.

அந்தப் பொடி எழுத்து சொல்லும் விஷயம் பெரிது. மனித உடலில் இன்சுலின் உண்டாவதற்குரிய மரபுக் கட்டளையை ஒத்த இழையை ஆய்வகத்தில் கோத்து, குடலில் குடியிருக்கும் எளிய பாக்டீரியாவினுள் வளையமாகச் சுருண்டு கிடக்கும் பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. துண்டை நொதியென்னும் கத்தரியால் நறுக்கி, அந்த இடைவெளியில் இவ்விழையை வைத்து வேறொரு நொதியால் ஒட்டிவிட்டால், பெருகும் பாக்டீரியா ஒவ்வொன்றும் தனக்குச் சற்றும் பிரயோஜனமில்லாத மனிதச் சரக்கை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இது கைகூடியது; 1982இல் அம்மருந்து விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் அறுபதாண்டுக் காலம் உலகத்துச் சர்க்கரை நோயாளிகளுக்கு உயிர்கொடுத்தவை, கசாப்புக் கூடங்களிலிருந்து சேகரித்த பன்றி, மாடுகளின் கணையங்களே. பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஓர் அமினோ அமிலத்தாலும் மாட்டினுடையது மூன்றாலும் வேறுபடுகின்றன என்பது விஞ்ஞானக் கணக்கு. சைவ ஆசாரம் பிறழாத குடும்பங்களிலும் அந்த ஊசி ஏறிற்று என்பது சமுதாயக் கணக்கு. அறிந்தவர் சொல்லவில்லை, அறியாதவர் கேட்கவில்லை. இயற்கைக்கு விரோதமென்று சிலர் அஞ்சிய வித்தை, இந்தப் பழைய தர்மசங்கடத்தைச் சந்தடியில்லாமல் தீர்த்துவைத்ததை விந்தையென்றே சொல்லவேண்டும்.

ஆதலால், சிருஷ்டியின் எழுத்தை மனிதன் திருத்தலாமா என்ற கேள்வியில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. விளைச்சலில் நல்லதைப் பொறுக்கி விதைக்கு எடுத்துவைத்த நாளிலேயே அவன் திருத்தத் தொடங்கிவிட்டான். திருத்தத்தின் பயன் யாரைச் சேர்கிறது, அதன் பாரம் யார் தலையில் இறங்குகிறது, இறங்குமுன் அவரைக் கேட்டார்களா என்பதே துருவி நோக்கத்தக்கது.

இவ்வித்தையைக் கண்டவர்களுக்கு மனச்சாட்சி இல்லாமற் போகவில்லை. 1972இல் இருவேறு மூலங்களின் டி.என்.ஏ.வை முதன்முதல் இணைத்த பால் பெர்க், இரண்டே ஆண்டுகளில் தம் சகாக்களுடன் சேர்ந்து, அபாயம் இன்னதெனத் தெளியும்வரை சிலவகைச் சோதனைகளை நிறுத்திவைப்போம் என்று பகிரங்கமாக வேண்டினார். 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமரில் கூடிய விஞ்ஞானிகள் தமக்குத் தாமே விதிகளை வகுத்துக்கொண்டனர். ஆற்றல் கைவந்த வேளையில் கையைக் கட்டிக்கொள்வது சரித்திரத்தில் அபூர்வம். ஆயினும் அவர்கள் அளந்தது ஆபத்தை; விலையையும் உடைமையையும் அல்ல. வேண்டுகோள் வெளியான அதே 1974ஆம் ஆண்டில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இவ்வித்தையின் அடிப்படை முறைக்கே காப்புரிமை கோரி மனுச் செய்துவிட்டது. 1980இல் அது கிடைத்தது. அதே ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம், நம் நாட்டில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியா பற்றிய வழக்கில், மனிதன் ஆக்கிய உயிருக்கும் காப்புரிமை பெறலாம் என்று தீர்ப்பளித்தது.

இன்சுலினைக் கண்டவர்கள் 1923இல் தம் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தவர்கள் என்பதை இங்கே நினைத்தால் மனம் துணுக்குறும். மறுசேர்க்கையால் செய்து சற்றே திருத்தியமைத்த ஓர் இன்சுலினின் புட்டி, 1996இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 21 டாலருக்கு விற்றது. இருபதாண்டு சொச்சத்தில் அதே புட்டி 275 டாலரைத் தொட்டது. இடையில் பாக்டீரியா கூலி உயர்த்திக் கேட்கவில்லை.

லாபமே தகாது என்பது வாதமன்று. வட்டிக்கும் வாணிபத்துக்கும் கடல் கடந்து போன செட்டிநாட்டில் அவ்வாறு எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அவ்வணிகர்கள் பேரேட்டில் மகமை என்றொரு பற்றுவரவு தனியே ஓடிற்று. மிஞ்சினால் தருவோம் என்ற தயையாக அதை அவர்கள் கருதவில்லை. அது தொழிலின் செலவுகளில் ஒன்று, கோயிலுக்கும் குளத்துக்கும் பள்ளிக்கும் போய்ச்சேர வேண்டிய கடன். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு வழிவகுத்ததும் அந்த மனப்பழக்கத்தின் நீட்சியே. பிரஜைகளின் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து முளைத்த மருந்துக்கு மகமை எழுதாத பேரேடு, எந்த ஊர்க் கணக்குப்பிள்ளை பார்த்தாலும் தப்புக் கணக்குத்தான். விலையைக் குறைத்தும் தொழில் நடத்தலாம் என்பதற்குச் சாட்சி உண்டு: ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ், ஈஸ்டைக் கொண்டு மஞ்சட்காமாலை 'பி' தடுப்பூசியை 1997இல் தயாரித்து, வெளிநாட்டுச் சரக்கின் விலையில் ஒரு சிறு பகுதிக்கு விற்றுக் காட்டிற்று. அந்நிறுவனமே பிற்பாடு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று என்பது வேறு கதை.

கத்தரிக்காயிடம் வரும்போது தராசு வேறுவிதமாகச் சாய்கிறது. மண் பாக்டீரியா ஒன்றின் மரபணுவைச் சேர்த்துக் காய்த்துளைப்பானுக்கு எதிர்ப்பூட்டிய பி.டி. கத்தரியை, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நம் நாட்டு ரகங்களில் உருவாக்கியிருந்தது. விவசாயி விதையைத் தானே எடுத்துவைத்து மறுபோகம் விதைக்கத்தக்க ரகங்கள் அவை. 2009 அக்டோபரில் நிபுணர் குழு அதன் சாகுபடிக்கு இசைந்தது. 2010 பிப்ரவரி 9 அன்று மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். புட்டியிலுள்ள மருந்து புட்டியிலேயே இருக்கும். வேண்டாதவர் வாங்காமல் இருக்கலாம். பூந்தாதுக்கு வரப்புத் தெரியாது. வண்டு சுமந்துபோகும் துகள் அடுத்த வயல்காரனின் செடியில் இறங்குமுன் அவனிடம் சம்மதம் பெறுவதில்லை. கத்தரியின் தாயகங்களில் ஒன்றான இந்நாட்டில் அத்துகள் எட்டக்கூடிய உறவுச் செடிகளும் பல. ஆகவே நிறுத்தியது நியாயம். ஆனால், ஆராய்ந்து தெளிவதற்காக வாங்கிய வாய்தாவை ஆண்டுக்கணக்கில் நீட்டி வாளாவிருந்தது நியாயமென்று சொல்ல நா எழவில்லை. வங்கதேசம் 2014 முதல் அதைப் பயிரிடுகிறது. இங்கோ, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தோளில் ஸ்பிரேயருடன் கத்தரிப் பாத்திகளில் நடப்பவன் இன்னும் நடக்கிறான்; தாமதத்தின் பாரம் அவன் நெஞ்சுக்குள் இறங்குகிறது, அவனையும் எவரும் கேட்கவில்லை.

2024இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த செய்தி இந்தப் புட்டிக்கும் பூந்தாதுக்கும் நடுவே வைக்கத்தக்கது. முழங்காலிலும் முழங்கையிலும் காரணமின்றியே இரத்தம் கசிந்து மூட்டுகள் முடங்கும் ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவருக்கு, அவர்களுடைய சொந்தக் குருதி மூலசெல்களை வெளியே எடுத்து, குறைபட்ட மரபணுவின் நல்ல பிரதியை அவற்றுள் சேர்த்துத் திரும்பச் செலுத்தினர். பின்தொடர்ந்து கண்காணித்த காலமெல்லாம் ஐவருக்கும் கசிவு இல்லை. திருத்தம் அவரவர் குருதியோடு நிற்பது, பிள்ளைகளுக்குப் போகாது. ஐவரும் வயது வந்தவர்கள். எலும்பு மஜ்ஜையில் இடம் ஒழிக்கக் கடும் மருந்தேற்றும் வேதனை உண்டென்று கேட்டறிந்து ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டவர்கள். பயனும் பாரமும் ஒரே உடலில். மேல்நாட்டில் ஹீமோஃபிலியாவின் மற்றொரு வகைக்கு 2022இல் அனுமதி பெற்ற மரபணு மருந்தின் விலை அப்போது ஒரு தடவைக்கு 35 லட்சம் டாலர். அந்த ஐவரும் ஆராய்ச்சிக்கு உட்பட்டவர்களாதலால் விலைப்பேச்சு எழவில்லை. ஆறாவது ஆள் சிவகங்கைச் சீமையிலிருந்து பஸ் ஏறி வேலூரில் இறங்கும்போது எழும்.